கிளப்புக்காரர் வீட்டுத் துட்டி

1

இந்த வாரத்தோடு நான் கிளப்பில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. வாசலில் கோட்டை வாங்கி மாட்டுகிற ஆள் ஒரு சின்ன அட்டைப்பெட்டியை என் கையில் கொடுத்தார். திறந்து பார்த்தால் ஒரு டை. கருநீலத் துணியில் பொடிப்பொடியாக நங்கூரம் போட்டது. ஒரு வருஷம் ஒழுங்காக இருந்த மெம்பருக்குத்தான் இதைக் கட்டிக்கொள்ளும் உரிமை உண்டாம். அப்படி நான் என்ன ஒழுங்காகச் செய்துவிட்டேன் என்று கேட்டேன். "நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை சார். அதற்குத்தான்" என்றார். கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே பாராட்டினார்.

போன மாதம் நான் ஒன்று செய்தேன். அது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் டை கிடைத்திருக்காது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

தூத்துக்குடியில் இந்தக் கிளப்பைப் பற்றி என்னவெல்லாமோ பேசிக்கொள்கிறார்கள் என்று தெரியும். அக்கா மகன் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே "லிவர்பூல் கப்பல் கம்பெனி அதிகாரி" என்று போட்டது போதாதென்று, "மற்றும் அவ்வூர் பெரிய கிளப் மெம்பர்" என்றும் அச்சடித்துவிட்டார்கள். பொண்ணு வீட்டார் அதைப் படித்துவிட்டு, அங்கே ராணியம்மா வருவாரா என்று கேட்டார்களாம். ராணியம்மா வரமாட்டார். எந்தப் பொம்பளையும் வரமுடியாது. அதுதான் அந்தக் கிளப்பின் முதல் சட்டம்.

ஆற்றங்கரையை ஒட்டிய தெருவில், புகையில் கறுத்த கல் கட்டிடம். பெயர்ப்பலகை கிடையாது. தெரிந்தவனுக்குத் தெரியும், தெரியாதவனுக்கு அது தேவையில்லை என்பது அவர்கள் எண்ணம். பித்தளைக் கைப்பிடி மட்டும் தினமும் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று இருக்கும். பத்து வருஷத்துக்கு மேல் அந்தக் கைப்பிடியைப் பார்த்தபடி ஆபீசுக்குப் போனவன் நான்.

2

இங்கே என் வேலை, கப்பலில் நனைந்த மூட்டைக்கும் உடைந்த பெட்டிக்கும் நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் எழுதுவது. தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து, கொஞ்ச காலம் கப்பலிலும் சுற்றி, இந்த ஊரில் கரை ஒதுங்கியவன். ஆபீசில் எல்லாரும் நல்லவர்கள்தான். ஐந்து மணி அடித்ததும் அந்த நல்லவர்கள் எல்லாம் எங்கே போய்விடுகிறார்களோ தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலிலும் அதே கதை. நம் ஊரில் பூசை முடிந்தபிறகுதான் கோயிலே ஆரம்பிக்கும். முற்றத்தில் நின்று, யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், எந்தத் தோணி இன்னும் கரைக்கு வரவில்லை, எவன் மகன் எவளைப் பார்க்கிறான் என்று எல்லாம் பேசி முடிக்கும்போது வெயில் தலைக்கு ஏறிவிடும். இங்கே சாமியார் கடைசி வார்த்தையைச் சொல்லி வாயை மூடுவதற்குள் காரை எடுக்கிற சத்தம் கேட்கும். முதல் வருஷம் நானும் என் மனைவி பிலோமியும் பழக்க தோஷத்தில் வாசலில் நிற்போம். ஆளுக்கு ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுப் போவார்கள். கடைசியில் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ஏற்கெனவே பேசியதையே பேசிக்கொண்டு வீட்டுக்கு வருவோம்.

பிலோமிக்கு அது என்னைவிட அதிகம் வலித்தது. எனக்காவது ஆபீஸ் இருக்கிறது. அவளுக்கு ஒரு வீடு, ஒரு ஜன்னல், ரேடியோ. மகள் ரீட்டா ஒருத்திதான். அவளும் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மாடிக்குப் போய்விடுவாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள். இங்கிலீஷில் கேட்டால் என் உச்சரிப்பைத் திருத்துவாள். 'அப்பா'வாக இருந்த நான் எந்த வருஷம் 'டாட்' ஆனேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

கிளப்பில் சேர்கிறேன் என்று நான் சொன்ன அன்றைக்குப் பிலோமி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கிளப்புல சேந்துட்டா நாலு பெரிய மனுஷன் பழக்கம் வரும் பிலோமி. அப்பம் அவங்க குடும்பமும் நம்ம வீட்டுக்கு வரப் போவ இருக்கும்" என்றேன்.

"அங்கன பொம்பளய உள்ள விட மாட்டாங்கன்னு நீங்கதான சொன்னீய? பொறவு எந்தக் குடும்பம் வரும்?"

"ஏளா, எல்லாம் மெள்ள மெள்ளத்தான் நடக்கும்."

அவள் கத்தியை வைத்துவிட்டாள். "இங்க பாருங்க. ரீட்டா பரீட்சை முடிஞ்சதும், அடுத்த கோடையில நான் ஊருக்குப் போறேன். அவ வந்தா கூட்டிட்டுப் போறேன், வரலன்னா உங்ககூட இருக்கட்டும். அதுக்குள்ள ஒங்க கிளப்பு எனக்கு ஒரு மனுஷியக் காட்டித் தந்தா இருக்கேன். ஒரு மனுஷி போதும்."

கோபத்தில் சொன்னதாக நினைத்தேன். பிறகு ஒருநாள் அவள் கப்பல் டிக்கெட் விற்கிற ஆளிடம் போய் விசாரித்துவிட்டு வந்தது தெரிந்தது. தனியாக பஸ் ஏறி டவுனுக்குப் போகப் பயப்படுகிறவள், அதற்கு மட்டும் தனியாகப் போயிருந்தாள்.

3

கிளப்பில் சேர்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒரு மெம்பர் நம் பெயரைச் சொல்ல வேண்டும், இன்னொருவர் ஆமாம் போட வேண்டும். பிறகு பெயரை ஒரு பலகையில் வாரக்கணக்கில் தொங்கவிடுவார்கள், காயப்போட்ட கருவாடு மாதிரி. கடைசியில் ஒரு மரப்பெட்டி வரும். கை நுழைகிற அளவு ஓட்டை. வெள்ளைக் குண்டு போட்டால் சம்மதம், கறுப்புக் குண்டு போட்டால் ஆள் வேண்டாம். "ஒரு கறுப்பு கூட விழவில்லை" என்று என் மேலதிகாரி வந்து சொன்னார். சொன்னபிறகு என் நிறத்தைப் பார்த்துவிட்டு அவரே சிவந்துபோனார்.

ஏன் எடுத்துக்கொண்டார்கள் என்பதும் சீக்கிரமே விளங்கிவிட்டது. லிவர்பூலுக்கு வருகிற கப்பல் குறைந்துவிட்டது. கப்பல் முதலாளிகள் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கிளப் வேண்டாம். ஆள் நிறைந்திருந்த காலத்தில் மூடியிருந்த கதவு, ஆள் இல்லாமல் போனபிறகு எனக்குத் திறந்தது. அதனால் என்ன, திறந்ததே என்றுதான் அன்றைக்குப் பட்டது.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் மத்தியானம் போவேன். நீளமான ஒரு மேஜை. நம் இஷ்டத்துக்கு இடம் பிடிக்கக் கூடாது. வந்த வரிசையில் அடுத்த காலி நாற்காலியில் உட்கார வேண்டும். யாரும் யாரையும் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக அந்தக் காலத்தில் வைத்த சட்டமாம். கேட்கும்போது எவ்வளவு நல்ல சட்டம் என்று பட்டது. ஆனால் சட்டம் உட்காரத்தான் வைக்கும், பேசவைக்காது. உப்பு எடுத்துத் தருவார்கள். நன்றி சொல்வார்கள். மழையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டுக்கறி உப்புச் சப்பில்லாமல் வெந்து கிடக்கும். அதற்கு மேல் ஒரு பச்சைக் குழம்பை ஊற்றுவார்கள். புதினாவாம். சாப்பிட்டு முடித்து ஆளுக்கொரு தோல் நாற்காலியில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டால் முகம் கூடத் தெரியாது.

பென்டன் என்ற கிழவர் ஒருவர் மட்டும் பெரும்பாலும் எனக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து சேருவார். கப்பலில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். என் ஊர்ப் பெயரைக் கேட்டதும், "தூத்துக்குடியா? கப்பலைக் கரைக்குக் கொண்டுபோக முடியாமல் நடுக்கடலில் நிறுத்தி, தோணியில் பஞ்சு ஏற்றுவார்களே, அந்த ஊரா?" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்போது புதுத் துறைமுகம் வந்துவிட்டது, கப்பல் நேராகவே கரைக்கு வருகிறது என்றேன். "அப்படியா" என்றார். இன்னொரு வாரம் முத்துக்குளிப்பு உண்டா என்று கேட்டார். முத்து நின்றுபோய் ரொம்ப நாளாச்சு, இப்போது சங்குதான் எடுக்கிறார்கள் என்றேன். அதற்கும் "அப்படியா". பிறகு பேப்பர் விரிந்துவிடும். ஒரு வருஷத்தில் நாங்கள் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு போஸ்ட் கார்டில் அடங்கிவிடும்.

ஆனாலும் அவர் வராத வாரம் எனக்கு ஒரு மாதிரியாக இருக்கும். சொல்லப்போனால் அந்தக் கிளப்பில் எனக்கு இருந்தது அவ்வளவுதான்.

4

போன கிறிஸ்துமஸுக்குக் கம்பெனி வேலையாக நான் மட்டும் ஊருக்கு வந்திருந்தபோது உப்பளம் வைத்திருக்கும் என் சிநேகிதன் தங்கச்சாமி என்னை நம் கடற்கரைச் சாலைக் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஏஜென்சியில் குமாஸ்தாவாக இருந்த நாட்களில் சாயங்காலம் சைக்கிளில் அந்த வழியாகத்தான் வருவோம். அப்போது அது வெள்ளைக்காரக் கிளப். காம்பவுண்டுக்கு உள்ளே விளக்கு எரியும். பில்லியர்ட்ஸ் பந்து டக் டக் என்று முட்டுகிற சத்தம் ரோடு வரைக்கும் வரும். "உள்ள என்னதாம்லே இருக்கும்?" என்று தங்கச்சாமி கேட்பான். என்னமோ இருக்கிறது, அதனால்தான் நம்மை விடமாட்டேன் என்கிறார்கள் என்று இருவரும் நம்பினோம். இப்போது அவன் அங்கே மெம்பர். அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

உள்ளே வேட்டிக்கு அனுமதி இல்லை. செருப்பும் கூடாது, ஷூதான். வெள்ளைக்காரன் எழுதி வைத்துவிட்டுப் போன சட்டத்தை நம் ஆட்கள் அட்சரம் பிசகாமல் காப்பாற்றுகிறார்கள். நாள் முழுக்க உப்பளத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிற தங்கச்சாமி, கிளப்புக்கு எதிரே காரை நிறுத்தி, காருக்குள்ளேயே குனிந்து வளைந்து பேண்ட் மாட்டினான்.

"ஏலே சேவியரு, யாரும் வாரானான்னு பாத்துக்கிடுலே" என்றான்.

"ஒன்ன ஆருலே பாக்கப் போறா?"

"எங்க கணக்கப்பிள்ளை இந்த வழியாத்தான் வீட்டுக்குப் போவாரு. பாத்தா நாளைக்கி உப்பளம் பூரா சிரிப்பானுவ."

உள்ளே ஐந்தாறு பேர் இருந்தார்கள். பஞ்சு மண்டிக்காரர், கருப்பட்டி வியாபாரி, மருந்துக்கடை அண்ணாச்சி. எல்லாரும் பகலில் பஜாரில் ஒருவரையொருவர் பார்த்து, சத்தம்போட்டு, சிரித்து, தோளில் தட்டுகிறவர்கள்தான். இங்கே அதே ஆட்கள் முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். வியாபாரம் பேசக் கூடாது என்று இன்னொரு சட்டம். வியாபாரத்தை எடுத்துவிட்டால் அவர்களுக்குப் பேச என்ன இருக்கிறது? நம் சர்க்கார் ஒரு தடவை திறந்த சாராயக்கடையை மறுபடி மூடியிருந்த சமயம் வேறு. அதனால் வெள்ளைக்காரன் விட்டுப்போன அந்த நீளமான பாரில் எலுமிச்சம்பழ ஜூஸ் கொடுத்தார்கள். பில்லியர்ட்ஸ் மேஜையின் பச்சைத் துணி ஒரு மூலையில் கிழிந்து, அதை மறைக்க ஒரு பூச்சட்டியை வைத்திருந்தார்கள்.

மருந்துக்கடை அண்ணாச்சி என்னைப் பார்த்து மெல்லக் கேட்டார். "ஏம் தம்பி, ஒங்க லிவர்பூல் கிளப்பு இத மாதிரிதான் இருக்குமோ?"

"அது ரொம்பப் பெருசு அண்ணாச்சி."

"ஆமா, பெருசாத்தான் இருக்கும். நல்லா பேசிட்டிருப்பாங்க, என்ன?"

அவர் கண்ணில் அப்படி ஒரு ஆசை. எங்கேயோ ஒரு இடத்திலாவது அது நன்றாக இருக்க வேண்டுமே என்ற ஆசை. ஆமாம், நன்றாகப் பேசிக்கொண்டிருப்போம் என்றேன்.

வெளியே வந்து, பேண்டைக் கழற்றி வேட்டி கட்டியதும்தான் தங்கச்சாமிக்கு மூச்சே வந்தது. கடற்கரையில் உட்கார்ந்து சுண்டல் வாங்கித் தின்றோம். அப்போதுதான் அவன் பேச ஆரம்பித்தான். நிறுத்தவே இல்லை. எனக்கு இந்த ஒரு மணி நேரத்துக்காக எத்தனை வியாழக்கிழமையை வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம் என்றிருந்தது.

5

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை கிளப்புக்குப் போனால் முன்கூடத்தில் கறுப்பு நாடா சுற்றிய ஒரு அட்டை. பென்டன் பெயர். நாலு நாளைக்கு முன்னால் இறந்துவிட்டார், அடக்கமும் முடிந்துவிட்டது. மேஜையில் வழக்கம்போல ஆட்டுக்கறி. எனக்குப் பக்கத்து நாற்காலியில் வேறொருவர் வந்து உட்கார்ந்து, உப்பைக் கேட்டார்.

சாப்பாடு முடிந்ததும் செயலாளரிடம் போய், எப்போது எல்லாருமாக அவர் வீட்டுக்குப் போகிறோம் என்று கேட்டேன். அவருக்கு நான் சொன்னது புரியவில்லை. மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில், "கிளப் சார்பில் பெரிய மலர்வளையம் அனுப்பிவிட்டோமே" என்றார். பிறகு குரலைத் தணித்து, "மெம்பர்கள் மெம்பர்கள் வீட்டுக்குப் போகிற வழக்கம் இங்கே இல்லை. வீட்டை மறப்பதற்காக வருகிற இடம் அல்லவா இது?" என்று சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை. அவருக்கு அது அவ்வளவு இயல்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்து பிலோமியிடம் சொன்னேன். சும்மா ஒரு செய்தியாகத்தான் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

"வாரா வாரம் பக்கத்துல இருந்து சாப்பிட்ட மனுஷன். துட்டி கேக்காம இருந்தா நல்லாவா இருக்கும்?"

நம் ஊர்ப்பக்கம் வசிக்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். செத்தவர் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவதைத்தான் துட்டி கேட்பது என்போம். அதற்கு யாரும் யாரையும் அழைக்க மாட்டார்கள். சண்டை போட்டுப் பேச்சுவார்த்தை இல்லாதவன்கூட வந்து உட்காருவான். வராமல் இருந்தால்தான் கேள்வி வரும்.

"இங்கல்லாம் அப்படிப் போவ மாட்டாங்க பிலோமி."

"வளையத்த அனுப்பிட்டு சும்மா இருக்கதுக்கு நாம என்ன கிளப்பா? அவரு வீட்ல பொம்பள இருக்காளா?"

"சம்சாரம் இருக்குன்னு நினைக்கேன்."

"பொறவு என்ன?"

மாடியிலிருந்து இறங்கி வந்த ரீட்டா இதைக் கேட்டுவிட்டு அலறினாள். யாரும் கூப்பிடாத வீட்டுக் கதவைப் போய்த் தட்டுவது அநாகரிகம், அந்த அம்மாள் போலீசைக் கூப்பிடுவாள், தயவுசெய்து போகாதீர்கள் என்றாள். எல்லாம் இங்கிலீஷில். அதையே தமிழில் சொல்லிப் பார்த்திருந்தால் அவளுக்கே சிரிப்பு வந்திருக்கும்.

சனிக்கிழமை பிலோமி ஒரு வெளுத்த சேலையைக் கட்டி, மேலே கோட்டை மாட்டினாள். ஊரிலிருந்து கொண்டுவந்து பொத்திப் பொத்தி வைத்திருந்த கருப்பட்டியில் கடைசித் துண்டைத் தட்டிப்போட்டுக் காப்பி வைத்து ஃபிளாஸ்கில் ஊற்றினாள். துட்டி வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள் இல்லையா? அங்கே மூட்டுவார்கள் என்று நான் சொல்லவில்லை. பஸ்ஸில் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். கிளப் மெம்பர் புத்தகத்தில் பார்த்து எழுதிக்கொண்டுவந்த விலாசத்தை நான் எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

6

கப்பல் அதிகாரி வீடு என்றதும் நான் தோட்டமும் தூணுமாக நினைத்திருந்தேன். வரிசை வீடுகளில் ஒன்று. எங்கள் வீட்டைவிடச் சின்னது. சங்கிலியை எடுக்காமல் கதவைத் திறந்து ஒரு ஒல்லியான கிழவி எட்டிப் பார்த்தாள். கிளப்பிலிருந்து வருகிறோம் என்றேன்.

"நான் ஏதாவது கையெழுத்துப் போட வேண்டுமா?" என்று கேட்டாள்.

இல்லை, சும்மா உங்களைப் பார்க்கத்தான் வந்தோம் என்றேன். சங்கிலி விழுகிற சத்தம் கேட்கக் கொஞ்ச நேரமாயிற்று.

உள்ளே நுழைந்ததும் பிலோமி நம் ஊரில் செய்கிற மாதிரியே செய்துவிட்டாள். அந்த அம்மாளை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். கிழவி முதலில் பலகை மாதிரி விறைத்து நின்றாள். எனக்கு மானம் போனது. கொஞ்ச நேரம் கழித்து அவள் தோள் குலுங்குவது தெரிந்தது. பிலோமிக்கும் அழுகை வந்துவிட்டது. அவள் யாருக்காக அழுதாளோ. அவள் அப்பா இறந்தபோது தந்தி வந்து, நாங்கள் போய்ச் சேர முடியாமல், அந்த அழுகையை எங்கேயும் போய் அழாமல் வைத்திருந்தவள் அவள்.

பிறகு உட்கார்ந்தோம். துட்டி வீட்டில் பேச வேண்டியதில்லை. உட்கார்ந்திருந்தால் போதும். ஃபிளாஸ்க் மூடியில் காப்பியை ஊற்றிக் கொடுத்தாள் பிலோமி. அந்த அம்மாள் ஒரு வாய் குடித்து, என்ன இது என்பது போல உள்ளே பார்த்து, மீதியையும் குடித்தாள். அடக்கத்துக்குப் பிறகு இந்த வீட்டுக்கு வந்தவர்கள் நாங்கள்தான் என்று அவளாகவே சொன்னாள். கிளப்பின் மலர்வளையம் மட்டும் வாடிப்போய் மூலையில் இருந்தது. பெரிசுதான்.

"நீங்கள்தான் அந்த இந்திய நண்பரா?" என்று என்னைக் கேட்டாள். "வியாழக்கிழமை வந்தால் உங்கள் கதையைத்தான் சொல்லுவார். மூச்சை அடக்கிக் கடலுக்குள் போகிறவர்கள், கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே நிற்கிற மச்சான், முத்து கிடைத்த அன்றைக்கு ஊரில் நடக்கிற கூத்து எல்லாம். நீங்கள் சாயங்காலம் வரை பேசிக்கொண்டே இருப்பீர்கள், எழுந்துவரவே முடியாது என்பார்."

நான் அப்படி எதுவுமே சொன்னதில்லை. சங்கு என்று ஒரு வார்த்தை சொன்னேன், அவர் அப்படியா என்றார். மிச்சமெல்லாம் அந்த மனுஷன் தோல் நாற்காலியில் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்து, வீட்டுக்குக் கொண்டுபோவதற்காகத் தானே கட்டிய கதை.

"ஒரே ஒரு தடவை அந்த வாசல் வரைக்கும் போயிருக்கிறேன். குடையை மறந்துவிட்டார் என்று கொண்டுபோனேன். வாசல்காரர் குடையை மட்டும் உள்ளே வாங்கிக்கொண்டார்" என்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, ஏதோ பெரிய விஷயம் கேட்பவள் போலக் கேட்டாள். "உள்ளே எப்படி இருக்கும்? அவர் சொன்ன மாதிரிதானா?"

பிலோமி என்னைப் பார்த்தாள். நான் வியாழக்கிழமை எந்த முகத்தோடு வீடு திரும்புகிறேன் என்று ஒரு வருஷமாகப் பார்த்தவள். என் பதிலுக்காக அந்த இரண்டு பொம்பளைகளும் காத்திருந்தார்கள்.

"அவர் சொன்ன மாதிரிதான் அம்மா. அவரைச் சுற்றி எப்போதும் ஆட்கள் இருப்பார்கள். அவர் வராத வாரம் யாருக்கும் சாப்பாடு இறங்காது" என்றேன். கடைசி வார்த்தை என்னைப் பொறுத்தவரை பொய் இல்லை.

அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். முகம் கொஞ்சம் தெளிந்தது. இனி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. பிலோமி எழுந்தாள், நானும் எழுந்தேன். ஒரு வார்த்தை சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல், வெளியே வந்து நடந்தோம்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அந்த அம்மாள் ஓடி வந்தாள். அந்தக் குளிரில் கோட்டு இல்லாமல், வீட்டுச் செருப்போடு. மூச்சு வாங்கியது. "நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா? கோபமா? ஒன்றும் சொல்லாமல் போகிறீர்களே" என்றாள்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. நம் வழக்கம் அவளுக்கு எப்படித் தெரியும்? நான் விளக்கினேன். எங்கள் ஊரில் சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. மறுபடி வருவதென்றால் இதே மாதிரி ஒரு காரியத்துக்கு வருவது போல ஆகிவிடும். அதனால் சொல்லாமல் எழுந்து போவதுதான் மரியாதை. உங்கள் வீட்டுக்கு நல்லது நினைத்துத்தான் அப்படி வந்தோம்.

அவள் அதை நன்றாக யோசித்தாள். காற்றில் தலைமுடி பறந்தது.

"அந்த வீட்டில் இனி பாக்கி இருப்பது நான் ஒருத்திதான்" என்றாள். என்னிடம் இல்லை, பிலோமியிடம். "அந்தக் காரியத்துக்கு முன்னால் ஒருநாள் வரலாமே."

இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் பிலோமியைப் பார்த்து ஒருவர் மறுபடி வா என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவளுக்கு இங்கிலீஷ் சரளமாகப் பேச வராதே தவிரப் புரியும். தன் கோட்டைக் கழற்றி அந்த அம்மாள் தோளில் போர்த்தினாள். சாவு வீட்டாரைப் பார்த்து நம் பெண்கள் ஒருகாலமும் சொல்லாத வார்த்தையை, அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்து, தமிழிலேயே சொன்னாள்.

"போயிட்டு வாரேன்."

என்ன சொன்னாள் என்று அந்த அம்மாள் என்னிடம் கேட்கவில்லை. பஸ் வந்துவிட்டது.

பஸ்ஸில் பிலோமி நடுங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். என் கோட்டைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். ரொம்ப தூரம் வந்தபிறகு, "அந்த டிக்கெட்டு ஆளு வந்து கேட்டா, இந்தக் கோடைக்கி வேண்டாம்னு சொல்லிருங்க" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்தேன்.

"ஒங்களுக்காவ இல்ல" என்றாள்.